திருச்சியிலிருந்து இரத்மலானைக்கு மூன்று மணி நேரம்

திருச்சி விமானத் தளத்துக்கும் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானைத் தளத்துக்கும் இடையே நேர்கோட்டில் முந்நூறு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் காலத்துத் தபால் விமானம் அதைக் கடக்க மூன்று மணி நேரம் எடுத்தது. காற்று எதிர்த்து அடித்தால் மூன்றரை. இந்தக் கணக்கை நான் எந்தப் பரீட்சைக்காகவும் படிக்கவில்லை. குற்றமற்ற ஒரு மனிதனைச் சிறையில் வைக்க என் வாய் உதவிய பிறகுதான் படித்தேன்.

தபால் தரம்பிரிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். பையை எப்படிக் கட்டுவது, சீலை எப்படிக் குத்துவது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். நான் சொல்லப்போவது கைக்கு வராத ஒரு விஷயம்.

முப்பதுகளின் கடைசி அது. கண்டியில் ஒரு தபாற்கந்தோரில் நான் தரம்பிரிக்கும் எழுத்தராக இருந்தேன். மடவளையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, கடைசித் தபாலை அனுப்பிவிட்டு வீடு திரும்புவேன். பதினைந்து வருட அனுபவம். எந்த ஊர்க் கடிதம் எந்த வழியாக எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னதுதான் பிழையாகப் போயிற்று.

ஒரு திங்கட்கிழமை முற்பகல், சாளரத்துக்கு முன்னால் ஒரு பொலிஸ் சார்ஜன் வந்து நின்றார். மலாய்க்காரர். எல்லோருக்கும் தெரிந்த நேர்மையான மனிதர்; என்னை அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்றே கூப்பிடுவார். எனக்கு முன்னால் கடிதங்கள் மலைபோலக் குவிந்து கிடந்தன.

"நானா, ஒரு சின்னக் கேள்வி. திருச்சியில காலையில போட்ட காயிதம் அதே நாள் அந்திக்குக் கண்டிக்கு வருமா?"

நான் தலையைத் தூக்கவே இல்லை. "எப்படி வரும் சார்ஜன்? தனுஷ்கோடி வரைக்கும் ரயில் கோச்சி, பொறகு கப்பல், பொறகு தலைமன்னார்ல இருந்து திரும்பக் கோச்சி. அடுத்த நாள்தான் வரும். அதே நாள் வாறதுன்னா காயிதத்துக்குச் சிறகு மொளைக்கணும்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் அது நல்ல பதிலாகவே பட்டது. சார்ஜன் ஒரு தாளில் எழுதி நீட்ட, நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எந்தக் கடிதம், யாருடைய கடிதம் என்று கேட்கவில்லை. காட்டுங்கள் பார்ப்போம் என்றும் சொல்லவில்லை.

அந்த வார முடிவில், சனிக்கிழமை, நல்ல மழை. பச்சைக் குழந்தையைச் சேலைக்குள் பொத்திக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். கூட அவளுடைய அண்ணன். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"இங்க சீல் குத்துற ஐயா யாருங்க?"

"நான்தான். என்ன வேணும் தங்கச்சி?"

"அந்தக் காயிதம் பொய்க் காயிதம்னு எழுதிக் குடுத்தது நீங்கதானுங்களா?"

நான் அவளை உள்ளே அழைத்துக் கதிரையில் உட்கார வைத்தேன். அவள் பெயர் மாரியாயி. சொன்ன கதை இதுதான்.

அவள் புருஷன் கருப்பையா, தகப்பன் செத்த செய்தி கேட்டுத் திருச்சிக்குப் பக்கத்துத் தன் ஊருக்குப் போயிருந்தான். அவன் அங்கே இருக்கும்போது, ஒரு புதன்கிழமை இவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அண்ணன் அன்று பிற்பகலே கண்டிக்கு வந்து அவனுக்குத் தந்தி அடித்தான். மறுநாள் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் நெருப்புப் பிடித்தது. கொழுந்து வாட்டும் மேல்மாடி முழுக்க எரிந்துபோயிற்று. கருப்பையா கையில் பந்தத்தோடு ஸ்டோருக்குப் பின்னால் ஓடியதைத் தன் கண்ணால் கண்டதாக ஒரு கங்காணி சாட்சி சொன்னான். கொழுந்து நிறுவையில் கங்காணி கூடுதலாகக் கழிக்கிறான் என்று கருப்பையா தோட்டத்துத் தொரையிடம் முறையிட்டது இரண்டு மாதத்துக்கு முந்திய கதை. சனிக்கிழமை ஊரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியவனை தொழிலாளர் லயத்து வாசலிலேயே பொலிஸ் பிடித்துக்கொண்டது.

"நான் வெள்ளிக்கெழமைதான் அங்கேருந்து பொறப்பட்டேன்னு சொன்னாரு. ஆரு கேக்குறா? காயிதத்தக் காட்டுனோம். வியாழக்கெழமை காலைல திருச்சி சீலு இருக்கு, பாருங்கன்னோம். பொரட்டிப் பாத்துட்டு, பின்னால அதே வியாழக்கெழமை சாயந்தரம் கண்டி சீலும் இருக்கேன்னாங்க. ஒரே நாள்ல கடல் தாண்டி வருமா, போலிச் சீலு வெட்டிக் குத்திட்டீங்கன்னுட்டாங்க. தபாலாபீசு ஐயாவே வராதுன்னு கையெழுத்துப் போட்டுட்டாருன்னாங்க."

குழந்தை அழுதது. அவள் அதைத் தோளில் போட்டுத் தட்டினாள். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் திட்டவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இரத்மலானைக்குத் தபால் விமானம் வரத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. சுற்றறிக்கை எங்கள் சுவரிலேயே தொங்கியது. ஆனால் விமானத்தில் வந்ததைக் கொழும்பில் பிரித்துக் கொழும்புப் பைக்குள்ளேயே போட்டு அனுப்பிவிடுவார்கள். பின்னேர ரயிலில் வரும் பையைத் திறக்கும்போது எனக்கு அது கொழும்புக் கடிதங்களோடு ஒன்று. இந்த விமானம் தோட்டத்து லயத்துக்கும் ஒரு கடிதத்தைக் கொண்டுவரும் என்று நான் யோசித்ததே இல்லை. அதெல்லாம் தொரைமார் தபால் என்று நினைத்திருந்தேன்.

அன்று பின்னேரமே பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். சார்ஜன் அலுமாரியைத் திறந்து கடிதத்தை எடுத்து வைத்தார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. சாதாரணக் கடிதத்துக்குத் தேவையானதைவிடக் கூடுதலான முத்திரை ஒட்டியிருந்தது. இடது மூலையில் ஒரு சின்னச் செவ்வகம், பசை காய்ந்த தடம். விமானத் தபாலுக்கு ஒட்டும் நீலச் சீட்டு மழையில் ஊறிக் கழன்றிருக்கிறது. பின்பக்கத்துக் கண்டிச் சீல் நான் குத்தியது. என் கை கொஞ்சம் இடப்பக்கம் சாயும், அந்தச் சாய்வு அப்படியே இருந்தது.

உள்ளே இருந்த கடிதத்தை யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். கீழே கருப்பையாவின் பெருவிரல் அடையாளம். "தந்தி நேற்றுச் சாயந்திரம் கிடைத்தது. பிள்ளைக்குப் பாக்கியம் என்று பேர் வை. விமானத்தில் போட்டால் இன்றைக்கே போகும் என்று சொன்னார்கள், அதனால் விமானத்தில் போடுகிறேன்." மகளுக்குப் பெயர் வைக்கும் அவசரத்தில் அந்தக் கூலித் தொழிலாளி விமானத் தபாலுக்குச் செலவழித்திருக்கிறான்.

"சார்ஜன், நான் சொன்னது பிழை. இது ஏரோப்பிளேன்ல வந்த காயிதம். சீல் ரெண்டும் உண்மை."

அவர் கடிதத்தைப் புரட்டிப் பார்த்தார். "நானா, திங்கக்கிழமை ஒண்டு சொன்னீங்க. இன்டைக்கு ஒண்டு சொல்றீங்க. நான் நம்பினாலும் கோட்டுல கேப்பாங்க. ரெண்டுல எதை எடுக்கிறதுன்னு."

அவர் கேட்டது நியாயம். வருகிற வெள்ளிக்கிழமை வழக்கு. கடிதம் பொய் என்று முடிவானால் கருப்பையாவை மேல்நீதிமன்ற விசாரணைக்கு அனுப்பிவிடுவார்கள். தீ வைத்த குற்றத்துக்குப் பல வருடம் உள்ளே போட்டுவிடுவார்கள்.

எங்கள் கந்தோரில் தந்தி இயந்திரத்தில் இருந்தவர் தம்பிராசா. யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான். அந்தப் புதன்கிழமைத் தந்தியை அனுப்பியவரே அவர்தான். நான் கதையைச் சொன்னதும் எழும்பிப் போய்ப் பிரதியை எடுத்து வந்தார். பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம், நேரம் பிற்பகல். இருவரும் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரிடம் இரவல் வாங்கிய தேசப்படத்தை மேசையில் விரித்து, திருச்சிக்கும் இரத்மலானைக்கும் இடையே நூலைப் பிடித்து அளந்தோம். ரயில் போகும் வழி பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போனது. நூல் கடலின் மேலாக நேரே வந்து விழுந்தது.

"முந்நூறு மைலும் இல்லைக் காணும்," என்றார் தம்பிராசா. "ஒன்பது மணிக்கு எழும்பினால் பன்ரண்டு மணிக்கு இரத்மலானை. பின்னேரக் கோச்சியில ஏத்தினால் ஆறுக்கு முன்னம் கண்டி. கால அட்டவணையைக் கோட்டில காட்டும், போதும்."

"போதாது," என்றேன். "அட்டவணைல போட்டது ஒண்டு, நடக்கிறது ஒண்டுன்னு வக்கீல் சொல்லுவார். ஏற்கெனவே என்ட வாய்ப்பேச்சால ஒரு ஆள் உள்ளுக்கு இருக்கிறார். இன்னொரு பேச்சு வேணாம். வியாழக்கிழமை விமானத்துல ஒரு காயிதத்தை வரவழைச்சுக் காட்டுவோம்."

தம்பிராசா நூலை மேசையில் வைத்தார். "யோசிச்சுத்தான் சொல்லுறீரோ? இது தென்மேல் பருவக் காற்று. எதிர்க்காற்றில விமானம் பிந்தினால் கோச்சி போயிடும். கடிதம் வெள்ளி காலமைதான் வரும். அப்ப ஒரே நாளில வராது எண்டதை நீரே நிரூபிச்சுப் போட்டீர். அந்தாளுக்குக் கடைசி ஆணியையும் நீரே அடிச்ச மாதிரி."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இரவு முழுக்க அதையே நினைத்தேன் என்று சொன்னால் பொய். அரை மணி நேரம் நினைத்தேன். சும்மா இருந்தால் என் பழைய கையெழுத்துத்தான் பேசும், அது நிச்சயம். விமானம் நேரத்துக்கு வருவது நிச்சயமில்லை, ஆனால் வரக்கூடியது. கெட்ட நிச்சயத்தைவிட நல்ல சந்தேகம் மேல் என்று முடிவெடுத்தேன். இன்றைக்கும் அந்த முடிவையே எடுப்பேன்.

போஸ்ட்மாஸ்டரிடம் போனேன். வாக்குமூலத்தை மாற்றினால் என்மேல் விசாரணை வரலாம் என்று எச்சரித்தார். வரட்டும் ஐயா என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தந்திக்கு அனுமதி எழுதிக் கொடுத்தார்.

தந்தி வாசகத்தில்தான் என் மூளையை எல்லாம் செலவழித்தேன். திருச்சித் தபால் அதிகாரிக்கு மூன்று வேண்டுகோள். வியாழக்கிழமை காலை சீல் குத்தி விமானத்தில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அதற்குள் அன்று காலை வந்த பத்திரிகையின் தலைப்பைக் கிழித்து வையுங்கள். கடிதத்தை எனக்கு அனுப்ப வேண்டாம், கண்டியில் இன்ன பொலிஸ் சார்ஜனுக்கு முகவரி எழுதுங்கள். எனக்கு வந்தால் நான் செய்த வித்தை என்பார்கள். சார்ஜனுக்கு வந்தால் அது சார்ஜனின் கடிதம்.

பிறகு சார்ஜனிடமே போய், இப்படி ஒரு கடிதம் உங்களுக்கு வரும், வியாழன் பின்னேரம் நீங்களே வந்து பையைத் திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள் என்றேன்.

"வராட்டி?"

"வராட்டி அதையும் கோட்டுல சொல்லுங்க. நான் ஒளிக்க மாட்டன்."

வியாழக்கிழமை விடிந்ததே காற்றோடுதான். ஏரிக்கரை மரங்கள் தலைவிரித்து ஆடின. தம்பிராசா தன் வேலைக்கு நடுவே கொழும்பு நண்பரிடம் தந்தியில் விசாரித்துக்கொண்டே இருந்தார். ஒன்பதேகாலுக்கு விமானம் திருச்சியிலிருந்து எழும்பியதாகச் செய்தி வந்தது. பன்னிரண்டேகால் ஆயிற்று. இரத்மலானையில் விமானம் இல்லை. பன்னிரண்டரை, இல்லை. நான் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மாத்தளைக் கடிதம் ஒன்றைக் கம்பளைக் கடிதங்களுக்கான குழியில் போட்டு, எடுத்து, மறுபடியும் அதிலேயே போட்டேன்.

ஒரு மணியாக ஐந்து நிமிடம் இருக்கும்போது தம்பிராசா தொப்பென்று கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"இறங்கிட்டுது! பன்ரண்டு அம்பதுக்கு!"

"கோச்சிக்கு நேரம் காணுமா?"

"இரத்மலானையில இருந்து கொழும்புக் கோட்டை ஸ்டேசனுக்குத் தபால் வண்டி ஓட வேணும். ஓடுறவன் ஓட்டத்திலதான் இருக்கு."

மூன்று மணி நேரம் என்று நாங்கள் நூல் பிடித்து அளந்ததைக் காற்று முப்பத்தைந்து நிமிடம் நீட்டிவிட்டது. இனி எங்களால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. அந்தப் பிற்பகல் போல நீளமான பிற்பகல் என் சேவைக் காலத்தில் வேறு இல்லை.

ஐந்தரைக்கு சார்ஜன் வந்துவிட்டார். தலைத்தொப்பியில் மழை. ஆறுக்குச் சற்று முன் ரயில் பை வந்தது. நான் அதைத் தொடவில்லை. சார்ஜனிடம் கொடுத்து, அரக்குச் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். பார்த்தார். போஸ்ட்மாஸ்டர் தன் அறையை விட்டு வெளியே வந்து நின்றார். தம்பிராசாவும் வந்தார். பையை அவிழ்த்து மேசையில் கொட்டினோம்.

கொழும்புக் கடிதங்கள், கம்பனிக் கடிதங்கள், ஒரு கலியாணப் பத்திரிகைக் கட்டு. நான் ஒவ்வொன்றாக நகர்த்தினேன். பாதிக் குவியல் போய்விட்டது. முக்கால்வாசியும் போயிற்று. கலியாணப் பத்திரிகைக் கட்டைத் தூக்கினேன்.

அதற்கடியில் நீலச் சீட்டு.

"சார்ஜன், உங்க பேருக்குக் காயிதம்."

அவர் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். திருச்சி, வியாழக்கிழமைத் திகதி, காலை ஏழு மணி. நான் சீலில் மை தொட்டு அவர் கண்முன்னாலேயே பின்பக்கம் குத்தினேன். கண்டி, அதே திகதி, மாலை ஆறு. உறையைக் கிழித்தார். அன்று காலைப் பத்திரிகையின் தலைப்பு மடிந்து விழுந்தது. மை வாசம்கூடப் போகவில்லை.

சார்ஜன் நிமிர்ந்தார். அவர் முகத்தில் வந்த சிரிப்பை மறக்க முடியாது. "நானா, சிறகு மொளைச்சிட்டுது!"

தம்பிராசா கைதட்டினார். போஸ்ட்மாஸ்டர், கந்தோரில் ஒருநாளும் சத்தம் போடாத மனிதர், மேசையில் ஓங்கி ஓர் அறை அறைந்தார்.

மறுநாள் நீதிமன்றம். கருப்பையாவை அன்றுதான் முதன்முதல் பார்த்தேன். மெலிந்த, உயரமான ஆள். மாரியாயி பின்வரிசையில் குழந்தையோடு. நீதவான் என் பழைய வாக்குமூலத்தைக் கையில் வைத்திருந்தார்.

"சிறகு முளைக்க வேண்டும் என்று சொன்னது நீர்தானே?"

"நான்தான். கடிதத்தைப் பார்க்காமல் சொன்னேன். அது என் பிழை. பார்த்த பிறகு சொல்வது வேறு."

சார்ஜன் தன் கடிதத்தைத் தானே சாட்சிக்கூண்டில் ஏறிக் காட்டினார். பையைத் திறந்ததிலிருந்து எல்லாவற்றையும் ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். தம்பிராசா தந்திப் பிரதியைக் கொடுத்தார். புதன் பிற்பகல் அனுப்பிய செய்திக்குப் பதிலும் பெருவிரல் அடையாளமும் வியாழன் காலை திருச்சியில் சீல் வாங்கியிருக்கின்றன என்றால், அந்த விரல் அப்போது எங்கே இருந்தது என்பதை விளக்க வக்கீல் தேவைப்படவில்லை.

பொலிஸ் தரப்பு வழக்கறிஞர் இலேசில் விடுகிற ஆள் இல்லை. எழும்பி என்னைப் பார்த்தார்.

"கடிதம் அவ்வளவு விரைவாகப் பறந்து வரும் என்றால், எதிரியான கருப்பையாவும் அதே விமானத்தில் ஏறி வந்திருக்கலாம், இல்லையா?"

சபையில் சிரிப்பு. அந்தக் கேள்வியை நாங்கள் யோசிக்கவில்லை. ஆனால் எண்கள் என் கையில் இருந்தன.

"வந்திருக்கலாம் ஐயா. ஒன்பது மணிக்கு ஏறினால் எவ்வளவு வேகமாகப் பறந்தாலும் இரத்மலானையில் இறங்கப் பன்னிரண்டு மணி ஆகும். பன்வில ஸ்டோர் எரிந்தது பத்து மணிக்கு. பத்து மணிக்கு அவர் கடலுக்கு மேலே இருந்திருப்பார்."

இந்தத் தடவை நீதவானும் சிரித்துவிட்டார். வழக்கறிஞர் உட்கார்ந்தார். கங்காணியை மறுபடி கூப்பிட்டார்கள். ஆளைத் திட்டமாகத் தெரியுமா என்று கேட்டதும், "கருப்பையா மாதிரி ஒரு ஆளுங்க... பொக மூட்டமா இருந்திச்சுங்க" என்று தடுமாறத் தொடங்கினான். மதியச் சாப்பாட்டுக்கு முன் வழக்கு தள்ளுபடி. ஸ்டோரில் நெருப்பு எப்படிப் பிடித்தது என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. கருப்பையா பிடிக்க வைக்கவில்லை என்பது மட்டும் கண்டி முழுக்கத் தெரிந்துவிட்டது.

என்மேல் வரவேண்டிய விசாரணையும் வந்தது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த பாராட்டுக் கடிதங்கள் எங்கே போயின என்று தெரியாது.

நீதிமன்ற வாசலில் கருப்பையா தன் மகளை முதல்முறையாகக் கையில் வாங்கினான். அதுவரை அவன் அவளைப் பெயரால் மட்டுமே அறிந்திருந்தான். "பாக்கியம்," என்று ஒருமுறை கூப்பிட்டான். பிறகு குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். நானும் தம்பிராசாவும் ஒதுங்கி நடந்தோம். வெற்றி பெற்றவர்களின் நடை. அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

மாரியாயி பின்னாலேயே ஓடி வந்தாள்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும். நீங்க மொதல்லயே காயிதத்தப் பாத்துட்டுச் சொல்லியிருந்தா, இவரு இத்தன நாளு உள்ள கெடந்திருக்க மாட்டாரு."

"உண்மை தங்கச்சி," என்றேன்.

மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"ஆனா நான் கேட்டதும் எந்திரிச்சுப் போய்ப் பாத்தீங்க. சொன்னது தப்புன்னு சபையில நின்னு சொன்னீங்க. பெரிய உத்தியோகத்துல இருக்கறவங்க அப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல."

சொல்லிவிட்டு, புருஷனும் குழந்தையும் நின்ற பக்கம் விறுவிறுவென்று நடந்தாள். பன்வில பஸ் புறப்பட ஆயத்தமாக நின்றது. மூன்று பேரும் ஏறினார்கள்.